மாருதி 800: கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும்போது

கியர் விழவில்லை என்றதும் பெட்டியை இறக்கிவிடக் கூடாது. இன்ஜின் ஆஃபில் எல்லா கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் கரகரத்தால் கிளட்ச் முழுசாக விடவில்லை; முதலில் கேபிளைப் பார்ப்போம். நியூட்ரலில் வரும் இரைச்சல் கிளட்ச் பெடலை மிதித்ததும் நின்றால், கோளாறு இன்புட் ஷாஃப்ட் (இன்ஜின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டு) பேரிங்கில். மிதித்தால்தான் சத்தம் என்றால் ரிலீஸ் பேரிங்கில் (மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் பேரிங்). ஒரே கியர் மட்டும் ஓட்டத்தில் கழன்று வந்தால் பெரும்பாலும் பெட்டிக்குள்தான் கோளாறு.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பெட்டி எடுப்பதானால், 4 கியரா 5 கியரா என்று முதலில் கேளுங்கள். 800-இல் இரண்டும் வந்திருக்கிறது. உள்ளே மிச்சமுள்ள ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை பரவாயில்லை. தங்க நிறத்தில் பொடி மின்னினால் சிங்க்ரோ ரிங் (கியர் மாறும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை வளையம்) தேய்ந்திருக்கிறது, அந்தப் பெட்டி வேண்டாம்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிய பிறகே மற்ற வேலை. ஆயில் வடிக்கும் முன் ஊற்றும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள்; அது இறுகியிருந்தால் வடித்த வண்டி அப்படியே நின்றுவிடும். ஆக்சில்களை உருவி, மவுண்டிங்கைக் கழற்றும் முன் பலகை வைத்து ஜாக்கியால் இன்ஜினைத் தாங்க வேண்டும்.

பெட்டி கீழே இருக்கும்போதே கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், இரண்டு ஆக்சில் சீல், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சீலின் விலை அற்பம், மறுபடி இறக்கும் கூலி அப்படியல்ல. பிளேட்டின் ஸ்பிரிங் பக்கம் பெட்டியைப் பார்த்து இருக்கட்டும். பழைய இன்புட் ஷாஃப்டை நுழைத்து நடுவைச் சரிபார்த்த பிறகு, போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள்.

ஏற்றும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். பெட்டி கையால் தள்ளியே இன்ஜினோடு ஒட்ட வேண்டும். ஒரு விரல் இடைவெளி நிற்கும்போது போல்ட்டால் இழுத்தால் பெட்டியில் போல்ட் நுழையும் காது உடையும். ஷாஃப்டின் மேல் பெட்டியைத் தொங்கவிட்டால் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்து, கிளட்ச் விடாமல் போகும்.

ஆயில் ஜிஎல்-4 தரம், 75டபிள்யூ-90; ஜிஎல்-5 பித்தளை ரிங்குக்கு ஆகாது. வண்டி சமதளத்தில் நிற்க, ஊற்றும் துளையில் வழியும் வரை ஊற்றுங்கள். கிளட்ச் பெடலில் 15 முதல் 25 மி.மீ. ஃப்ரீ பிளே (பெடல் கனமாகும் முன் சும்மா இறங்கும் தூரம்) வையுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் பெட்டியில் எர்த் வயர் மாட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். விட்டுப்போனால் ஸ்டார்ட்டர் கரண்ட் கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து, கேபிள் உறை உருகிவிடும்.