கைராசி என்றால் ஆச்சிக்குக் கோபம் வரும்

ஆச்சி போன ஐப்பசியில் காலமானார். துக்கம் கேட்க வந்த பெண்களில் பாதிப் பேர் "நர்ஸம்மா கைராசிக்காரங்க" என்றுதான் அழுதார்கள். ஆச்சி காதில் விழுந்திருந்தால் எழுந்து உட்கார்ந்து சண்டை பிடித்திருப்பார். அவர் போட்ட ஊசி சீழ் வைக்காததற்கு அவர் சொன்ன காரணம் சோப்பும் கொதிக்கிற தண்ணீரும்தான். "ராசியாம் ராசி. இருபது நிமிசம் அடுப்பு முன்னால நின்னவ நானு, பேரு ராசிக்கா?"

தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் 1967 முதல் வேலை. 2003-ல் கிராம சுகாதார செவிலியராக ஓய்வு. எட்டாவது முடித்த பெண் நர்ஸ் பயிற்சிக்குப் போகிறேன் என்றதற்கு வீட்டில் நடந்த ரகளை தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அப்போதெல்லாம் கண்ணாடி சிரிஞ்சு. ஒருவருக்குப் போட்டதையே கழுவிக் கொதிக்கவைத்து அடுத்தவருக்குப் போட வேண்டும். 1985-க்குப் பிறகு அதற்கென்றே ஒரு பிரஷர் குக்கர் வந்தது. உள்ளே சிரிஞ்சும் ஊசியும் அடுக்கத் தட்டு இருக்கும். துணை சுகாதார நிலையத்தின் பின்பக்கம்தான் குடியிருப்பு என்பதால், விசில் சத்தம் கேட்டால் சோறா ஊசியா என்று தெரியாது என்பாள் அம்மா. ஒரு தடவை போட்டதும் பூட்டிக்கொள்கிற சிரிஞ்சு அரசுத் தடுப்பூசிக்கு வந்தது 2005 வாக்கில். "நான் ரிட்டயர் ஆவட்டும்னு காத்துக்கிட்டு இருந்திருக்கானுவ" என்று அதற்கும் ஒரு திட்டு.

ஆச்சியின் பெரிய பகை ரணஜன்னிதான், அதாவது டெட்டனஸ். தொப்புள்கொடியைக் கையில் கிடைத்த கத்தியால் அறுத்து, மேலே சாம்பலோ சாணியோ வைத்துவிடுவார்கள். ஒரு வாரத்தில் குழந்தை பால் குடிக்க வாய் திறக்காது. அப்புறம் உடம்பு வில்லாக விறைக்கும். அதை நேரில் பார்த்தவர் என்பதால், கர்ப்பிணி எந்தக் களத்துமேட்டில் இருந்தாலும் தேடிப்போய் டிடி ஊசி போட்டுவிடுவார். வீட்டுப் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகளிடம் அவர் சண்டை போட்டதில்லை, அது எனக்கு ஆச்சரியம்தான். புது பிளேடும் நூலும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கை கழுவ வைப்பார். பிறந்த குழந்தைகளின் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல் பேப்பரில் வந்தபோது, அந்தச் செய்தியை மட்டும் இரண்டு தடவை படித்தார். வேறொன்றும் சொல்லவில்லை. காப்பி கேட்டார்.

கறார் என்றால் அப்படியொரு கறார். தட்டம்மை மருந்தைக் கரைத்துவிட்டால் 4 மணி நேரம்தான் கணக்கு, மிச்சம் இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். ஒரு புதன்கிழமை ஊசியெல்லாம் முடிந்த நேரத்தில், நடவு முடித்துச் சேற்றுக் காலோடு ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாளாம். குப்பியில் மருந்து தெரிகிறது. நேரம் தாண்டிவிட்டது. அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் ஆச்சி அவள் கண்ணெதிரிலேயே கொட்டிவிட்டார். அந்தப் பெண் மண்ணை வாரித் தூற்றாத குறை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ஐஸ் பெட்டியில் புதுக் குப்பி வாங்கி, அவள் வீட்டு வாசலிலேயே போட்டுவிட்டு வந்தார். ஒரு பிள்ளைக்காக ஒரு குப்பியை உடைத்ததற்கு மேலிடத்தில் பேச்சும் வாங்கினார்.

வீட்டிலும் அதே ஆள்தான். எங்களைக் கொஞ்சியதாக எனக்கு நினைவில்லை. நகம் பார்ப்பார், இமையை இழுத்து ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான் பாசம். ஓய்வுக்குப் பிறகு தெருவில் யாராவது பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே போய் உட்கார்ந்துகொள்வார்.

என் மகள் பிறந்தபோது சென்னைக்கு வந்திருந்தார். போலியோ சொட்டு மருந்துக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். அந்தச் சின்ன நர்ஸ் குப்பியைத் திறக்கப் போகும்போது ஆச்சி கையை நீட்டினார். "லேபிளைக் காட்டுத்தா." வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வெளுப்பாக இருந்தால் மருந்து சூடுபடவில்லை என்று அர்த்தம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு மானம் போனது. அந்தப் பெண்ணோ சிரித்துக்கொண்டே, "நீங்க ஸ்டாஃபா பாட்டி?" என்று கேட்டாள்.

"ஆமா. சரி, ஊத்து."

வெளியே வந்து பில்லைப் பார்த்ததும்தான் உண்மையான கோபம் வந்தது. ஓசியில் ஊற்றுகிற மருந்துக்கு இவ்வளவா என்று ஆட்டோக்காரர் வரை நியாயம் கேட்டுக்கொண்டே வந்தார்.