மாசியில் கேளுங்கள்: ரோபோ அணிக்குக் காசு சேர்த்த அனுபவம்

மட்டக்களப்பில் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், தரம் 11 வரை உள்ள ஒரு பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். தரம் 7, 8 பிள்ளைகள் ஆறு பேரைச் சேர்த்து ரோபோ போட்டிக்கென்று ஓர் அணி தொடங்கினோம். காசு சேர்க்கும் வழி தெரியாமல் முதல் மூன்று மாதம் வீணாகப் போனது. இதே வேலையைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் அந்த மூன்று மாதமாவது மிஞ்சட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நாங்கள் விட்ட பெரிய பிழை, கேட்ட காலம். கார்த்திகை மாதத்தில் பெற்றோர் கூட்டம் வைத்து, உதவி கேட்டுக் கடிதமும் கொடுத்தோம். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் தரவில்லை. மனம் சோர்ந்துபோய் இருந்தபோது ஒரு பிள்ளையின் தகப்பன் பாடசாலை வாசலில் சைக்கிளை நிறுத்திச் சொன்னார்: "ரீச்சர், இப்ப காசெல்லாம் வட்டைக்குள்ள கிடக்கு. மாசியில கேளுங்க."

வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல். எவ்வளவு எளிய விஷயம்! பெரும்போகம் விதைத்து, உரமும் எண்ணெயும் கடனுக்கு வாங்கி, மழை என்ன செய்யுமோ என்று பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில் போய் ரோபோவுக்குக் காசு கேட்டிருக்கிறோம். மாசியும் பங்குனியும் அறுவடைக் காலம். அப்போது திரும்பப் போனோம். காசு இல்லை என்றவர்கள்கூட நெல் தந்தார்கள். ஒரு வீட்டில் அரை மூடை, ஒரு வீட்டில் ஒரு சாக்கின் அடியில் கொஞ்சம். ஒரு அம்மம்மா சுளகில் கொண்டுவந்து கொட்டினார். மொத்தம் நாலரை மூடை தேறியது. அதை ஆலைக்குக் கொடுத்த காசில்தான் எங்கள் முதல் போர்டும் (ரோபோவுக்கு மூளையாக இருக்கும் சர்க்கிட்) மோட்டார்களும் வந்தன. கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் மீன்படும் காலத்தைப் பார்க்க வேண்டும், சம்பளக்காரர் அதிகம் உள்ள ஊர் என்றால் சம்பளம் கிடைக்கும் வாரத்தைப் பார்க்க வேண்டும். உங்கள் ஊரின் கையில் எப்போது காசு புழங்கும் என்பதை முதலில் விசாரியுங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று, போகப்போகும் போட்டியின் விதிப் புத்தகத்தை முழுதாகப் படிப்பது. எந்தப் பொருளுக்கு அனுமதி என்பதைப் பொறுத்துத்தான் செலவே தீர்மானமாகும். ஃபெர்ஸ்ற் லீகோ லீக் என்ற சர்வதேசப் போட்டி என்றால் லீகோ பொருட்கள்தான் பாவிக்கலாம். ஒரு பெட்டியின் விலை நம் காசில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். நாங்கள் போன போட்டியில் ஆர்டுயினோவுக்கு அனுமதி இருந்தது. 2005 இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்கென்று உருவான போர்ட் அது. அதன் வடிவமைப்பை யாரும் பார்த்துச் செய்யலாம் என்று திறந்து வைத்திருப்பதால் அதே மாதிரிப் போர்டுகள் சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கின்றன. அணியில் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். உலக ரோபோ ஒலிம்பியாட்டில் ஒரு அணிக்கு இரண்டு அல்லது மூன்று பிள்ளைகள்தான். லீகோ லீக்கில் பத்துப் பேர் வரை சேரலாம்.

சரி, யாரிடம் எப்படிக் கேட்பது? "எங்கள் அணிக்கு உதவி செய்யுங்கள்" என்ற கடிதம் எங்கும் எடுபடவில்லை. ஒரு பெரிய நிறுவனத்துக்கு மூன்று தரம் எழுதியும் பதில் வரவில்லை. கையில் இருந்த சாமான்களை வைத்து முன்னால் தடை வந்தால் நிற்கிற ஒரு சின்ன வண்டியைப் பிள்ளைகள் ஓட்டிக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது.

ஒரு சனிக்கிழமை பெற்றோர் இருவரோடு மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மண்டூர்த் துறையில் பாதையேறி (வாவியைக் கடக்கும் மிதவையை இங்கே பாதை என்போம்) குருமண்வெளிக்கு வந்தோம். வண்டி ஒரு பிஸ்கட் பெட்டிக்குள், பெட்டி ஒரு பிள்ளையின் மடியில். தண்ணீர் தெறிக்காமல் இருக்கத் தன் தாவணியால் மூடிக்கொண்டே வந்தாள். களுவாஞ்சிகுடியில் ஒரு ஹாட்வெயார் கடைக்குள் போய், பெயின்ற் ரின்கள் அடுக்கியிருந்த மேசையில் வண்டியை வைத்தாள். அது நேராகப் போய் ஒரு ரின்னுக்கு நாலு விரற்கடை முன்னால் நின்றது. முதலாளி கையை நீட்டிப் பார்த்தார். கைக்கு முன்னாலும் நின்றது. "இதுக்குக் கண் எங்க இருக்கு?" என்று கேட்டார். இரண்டு வட்டமாக முன்னால் இருந்த சென்சரைக் காட்டி, அது சத்தத்தை அனுப்பித் திரும்பி வர எடுக்கும் நேரத்தில் தூரத்தைக் கணக்குப் பார்க்கிறது, வௌவால் மாதிரி என்று விளக்கினாள். அந்தச் சத்தம் நம் காதுக்குக் கேட்காது என்றும் சேர்த்துச் சொன்னாள். விலை என்ன என்று கேட்டார். "நானூறு ரூபா, மாமா. எங்களுக்கு இன்னும் ரெண்டு வேணும்." அவர் ரெண்டுக்கும் உரிய காசைத் தந்தார். பிறகு ஒரு பலகையும் தந்தார்.

நான் அந்த நேரம் வாயே திறக்கவில்லை. பிள்ளைகளே காட்டட்டும், பிள்ளைகளே விலை சொல்லட்டும். தன் காசு எந்தச் சாமானாக மாறப்போகிறது என்று தெரிந்தால் ஆட்கள் தயங்காமல் தருகிறார்கள். அன்றிலிருந்து மொத்தத் தொகையை எங்கும் சொல்வதில்லை, சாமான் பட்டியல்தான் கொடுக்கிறோம்.

பலகையைப் பற்றி ஒரு வார்த்தை, பலருக்கும் உதவும். லீகோ லீக்கிலும் உலக ரோபோ ஒலிம்பியாட்டின் ரோபோமிஷன் பிரிவிலும் ரோபோ ஓடும் மேசையின் உள்ளளவு 2362 × 1143 மில்லிமீற்றர். கடையில் விற்கும் எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகையின் மேல், ஓரத்தைச் சுற்றி ஒன்றரை அங்குலச் சட்டம் அடித்தால் உள்ளளவு அப்படியே பொருந்திவிடும். தச்சுவேலை தெரிந்த ஒரு தகப்பன் ஒரு பின்னேரத்தில் செய்து முடித்தார். நாளைக்கு வேறு போட்டிக்குப் போக நினைத்தாலும் இதே மேசை உதவும்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களிடமும் பட்டியலைத்தான் அனுப்பினோம். மோட்டார் இரண்டு, இன்ன விலை. பற்றரி நாலு, இன்ன விலை. கூடவே வண்டி ஓடும் ஒரு சின்ன வீடியோ. சுவிஸிலும் கனடாவிலும் இருப்பவர்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். சாமான் வந்ததும் பற்றுச்சீட்டோடு படம் எடுத்து, தந்தவருக்கு அன்றைக்கே அனுப்பினோம். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

காசு எதுவும் என் கையிலோ என் வங்கிக் கணக்கிலோ வரவில்லை. முதலில் அதிபரின் எழுத்து மூல அனுமதி, பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கு, ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு. நெல்லுக்கும் பற்றுச்சீட்டு எழுதினோம். ஊரில் ஒரு கதை கிளம்பிவிட்டால் அடுத்த வருடம் ஒரு கதவும் திறக்காது, அதனால் இதில் ஒரு சொட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

முழுச் செலவையும் தானே தருவதாக ஒருவர் வந்தார். தன் உறவுக்காரப் பிள்ளையை அணியில் சேர்க்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. நன்றி சொல்லி மறுத்தோம். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லைதான், ஆனாலும் இன்னொரு தரம் வந்தாலும் அதையே செய்வேன். பாடுபட்டுப் படித்த ஒரு பிள்ளையை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பிள்ளையை எப்படி உட்கார வைப்பது?

விளையாட்டுப் போட்டி அன்று சர்பத்தும் கச்சானும் விற்றோம். கொஞ்சம் காசு வந்தது, வேலைதான் அதிகம். பிள்ளைகளிடம் அதிர்ஷ்டச் சீட்டைக் கொடுத்து விற்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கணக்குப் போடும்போது நாங்கள் மறந்த இரண்டு விஷயங்களை நீங்கள் மறக்கக் கூடாது. ஒன்று பற்றரி. மலிவு என்று டோர்ச் பற்றரி வாங்கினோம். மோட்டாரை ஓட்டும் எல்298என் சர்க்கிட் தானே ஏறக்குறைய இரண்டு வோல்ற்றைத் தின்றுவிடும், ஆகவே அரைமணி நேரப் பயிற்சியிலேயே வண்டி ஊரத் தொடங்கிவிட்டது. வாரத்துக்கு வாரம் பற்றரி வாங்கிய காசுக்குச் சார்ஜ் ஏற்றுகிறதையே வாங்கியிருக்கலாம். மற்றது பயணம். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். ஆறு பிள்ளைகள், நான், கூட வந்த ஒரு தாய் என்று எட்டுப் பேருக்கு இரவு பஸ், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கூட்டினால் ரோபோவின் செலவை மிஞ்சிவிட்டது. வெள்ளவத்தையில் ஒரு பிள்ளையின் பெரியம்மா வீட்டில் பாய் விரித்துத் தந்ததால் சமாளித்தோம். பயணத்துக்கென்று தனிப் பட்டியலைத் தொடக்கத்திலேயே போடுங்கள்.

போட்டியில் எங்கள் வண்டி இரண்டாம் சுற்றோடு நின்றது. மண்டபத்து வெளிச்சம் எங்கள் வகுப்பறை வெளிச்சம் மாதிரி இல்லை, தரையில் போட்டிருக்கும் கோட்டைப் பார்த்து வண்டிக்கு வழி சொல்லும் சென்சர்கள் குழம்பிவிட்டன. திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைகள் பேசிக்கொண்டு வந்தது அதைப் பற்றி மட்டும்தான்.

இந்த வருடம் தரம் 6 இலிருந்து மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். மேசை இருக்கிறது, போர்ட் இருக்கிறது, கணக்குப் புத்தகத்தில் 640 ரூபா மீதி. மோட்டார் நாலு, பற்றரி ஆறு, கோடு பார்க்கும் சென்சர் ஐந்து என்று நேற்றுப் பின்னேரம் பட்டியலை அவர்களே எழுதினார்கள். மாசிக்கு இன்னும் ஏழு வாரம்.