'சீக்கிரம்' எல்லாம் குயிக்லி ஆகாது

"சீக்கிரம் எழுந்தேன்", "சீக்கிரம் பதில் போடுங்க", "சீக்கிரம் சாப்பிட்டு முடி." மூன்றுக்கும் நமக்கு ஒரே சொல் போதும். ஆங்கிலத்தில் மூன்றிலும் குயிக்லி போட்டால் கடைசி வாக்கியம்தான் பழுதில்லாமல் நிற்கும். 'ஐ வோக் அப் குயிக்லி' என்றால் தூக்கம் சட்டென்று கலைந்தது என்றாகிவிடும்; விடிகாலையில் எழுந்ததைச் சொல்ல எர்லிதான் வேண்டும். நடு வாக்கியத்தில் குயிக்லி தப்பில்லை, ஆனால் அலுவலகக் கடிதத்துக்கு ப்ராம்ப்ட்லி பாந்தமாக இருக்கும்.

குயிக்லி, வேலை நடந்த வேகத்தைச் சொல்வது. ப்ராம்ப்ட்லி, தாமதிக்காமல் இறங்கியதைச் சொல்வது. குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பருக்கு போன் போடுகிறீர்கள். பத்தே நிமிடத்தில் வந்து நிற்கிறார். வாஷர் மாற்ற அரை நாள் எடுத்துக்கொள்கிறார். அவர் வந்தது ப்ராம்ப்ட்லி, வேலை செய்தது குயிக்லி அல்ல. அதனால்தான் ரிப்ளை, பே, அரைவ், ஆக்ட் போன்ற வினைகளோடு ப்ராம்ப்ட்லி ஒட்டிக்கொள்கிறது. ஓட்டப் பந்தயத்தில் 'ரேன் ப்ராம்ப்ட்லி' என்று யாரும் எழுதுவதில்லை.

கடிகார நேரத்தோடு வந்தால் அதற்கு 'டாண்ணு' என்று பொருள்: 'ப்ராம்ப்ட்லி அட் எய்ட்' என்றால் எட்டு மணிக்கு டாண்ணு. கொஞ்சம் நக்கலாகவும் வரும். யாரிடமும் சொல்லாதே என்றதும் 'ஹி ப்ராம்ப்ட்லி டோல்ட் எவ்ரிஒன்'. நம் ஊர் 'உடனே போய் ஊருக்கே சொல்லிட்டான்' அதேதான்.

அதிகம் சறுக்குவது இடத்தில். வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் குயிக்லியைச் செருகக்கூடாது. 'ஷி குயிக்லி க்ளோஸ்ட் த டோர்', 'ஷி க்ளோஸ்ட் த டோர் குயிக்லி' இரண்டும் சரி. 'க்ளோஸ்ட் குயிக்லி த டோர்' தப்பு. துணைவினை இருந்தால் அதற்குப் பின்னால்: 'ஹேஸ் குயிக்லி ஸ்ப்ரெட்'.

ஃபாஸ்ட்லி என்று எழுதாதீர்கள். ஃபாஸ்ட் அப்படியே வினையடைதான், ஆனால் வினைக்குப் பிறகுதான் வரும்: 'ரேன் ஃபாஸ்ட்'.

ஹேஸ்டிலியைக் கொஞ்சம் பயத்தோடு தொடுவது நல்லது. அது அவசர அவசரமாக, யோசிக்காமல் செய்வது. வாடிக்கையாளருக்கு 'உங்கள் புகாரை ஹேஸ்டிலி விசாரித்தோம்' என்று மெயில் போனால், அரைகுறையாகத்தான் பார்த்தோம் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி.