தாலடேகா, அமெரிக்கா, செப்டம்பர் 1969

செப்டம்பர் 10, புதன்

சாப்பாட்டு மேசையில் ஒரு கறுப்புப் பட்டை. சாண் நீளம். கணவர் கொண்டுவந்தது. புதிய பந்தயக் களத்தில் பெரிய கார் ஒன்றின் டயரிலிருந்து உரிந்ததாம். எறிய மனம் வராமல் சன்னல் திட்டில் வைத்தேன்.

செப்டம்பர் 11, வியாழன்

தூக்கமில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒரு சுற்று 2.66 மைல், வளைவில் 33 டிகிரி சாய்வு. சுவரில் ஏறுவது போலிருக்கிறது என்கிறார். இறக்கை வைத்த டாட்ஜ் 199 மைல் வேகத்தைத் தொட்டுவிட்டது. அந்த வேகத்தில் வளைவுக்குள் நுழைந்தால் காரின் பாரமெல்லாம் டயரில் இறங்கி, ரப்பர் சூடேறிக் கொப்பளித்துப் பிய்ந்துவிடுகிறது. நம் முஸ்டாங் சின்னக் கார், அவ்வளவு வேகம் போகாது. நாளைய சின்னக் கார்களின் 400 மைல் பந்தயத்தோடு நமக்கு முடிந்தது.

செப்டம்பர் 13, சனி

முடியவில்லை.

பந்தயம் முடிந்து முழுசாக இறங்கி வந்தார். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. பிறகுதான் பெரிய கார் ஓட்டும் நட்சத்திரம் ரிச்சர்ட் பெட்டியின் வண்டி களத்தின் வாசலைத் தாண்டிப் போனது. பின்னாலேயே ஒவ்வொருவராக, முப்பதுக்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள். இந்த டயரில் ஓடமாட்டோம் என்று போய்விட்டார்கள். களத்தைக் கட்டிய பில் பிரான்ஸ் தாமே 175 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டியவர். நாளைய பெரிய பந்தயம் நடந்தே தீரும் என்கிறார். காலி இடங்களுக்குச் சின்னக் கார்கள். என் கணவர் ஒப்புக்கொண்டுவிட்டார், என்னைக் கேட்காமல்.

"பெரிய கார்களை நன்றாக அறிந்தவர்களே போய்விட்டார்களே, நீங்கள் மட்டும் ஏன்?" என்றேன்.

"நம் கார் மெதுவானது. டயர் தாங்கும்."

உண்மைதான். அதை வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது? பெட்டியின் வீட்டில் இன்றிரவு தூங்குவார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு, காலை

இன்றைய டிக்கெட் இன்னொரு பந்தயத்துக்கும் செல்லுமாம். வேண்டவே வேண்டாம்.

இரவு

188 சுற்றுகள். இவர் காரைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. இடையிடையே மஞ்சள் கொடி காட்டி டயர் மாற்ற வைத்தார்கள். அப்போதெல்லாம் மூச்சு விட்டேன். ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை. வென்றது ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ், ஓட்டுநர்களின் சங்கத்தை விட்டு விலகிப் பந்தயத்தில் ஓடிய பையன். அவனுக்காகக் கை தட்டினேன். வீட்டில் யாரோ அவனுக்காகவும் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்திருப்பார்கள்.

செப்டம்பர் 15, திங்கள்

பதினாலு மணி நேரம் தூங்கினார். டயர்களை நானே தடவிப் பார்த்தேன். முன்பக்க வலது டயரில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அவரிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

சன்னல் திட்டில் பட்டையைக் காணோம். கொட்டகையில் விளக்கு எரிகிறது. டேட்டோனா பந்தயத்துக்கு