சிவப்புத் தரைக்கு நீலமும் மண்ணிறமும்

செப்டெம்பர் 2, செவ்வாய்

ஹோல் 11 அடி நீளம், 10 அடி அகலம். காபெட் வாங்கக் கடைக்குப் போகமுதல் வெண்கட்டி. சிவப்புச் சீமெந்துத் தரையில் கோடு நன்றாக விழுகிறது, ஈரத்துணி பட்டால் போய்விடும். ரேப் ஒட்டினால் பொலிஷையும் உரித்துக்கொண்டு வரும். 5க்கு 7 அடியில் ஒரு பெட்டி, அதற்குள் 4க்கு 6 அடியில் இன்னொன்று. இரண்டிலும் செற்றியின் முன்கால்கள் 8 அங்குலம் உள்ளே நிற்கின்றன. முன்கால் ஏறாமல் நடுவில் தனியாகக் கிடக்கும் காபெட் அறையை இன்னும் சுருக்கிக் காட்டும், ஒவ்வொரு நாளும் நகரவும் நகரும்.

செப்டெம்பர் 3, புதன்

வோக்கர் பிடித்து நடப்பவர் வீட்டுக்கு வரும் திகதியை இன்னும் சொல்லவில்லை.

செப்டெம்பர் 5, வெள்ளி

மூன்று நாளில் பெரிய பெட்டியின் தெற்குக் கோடு இரண்டு முழத்துக்கு அழிந்துவிட்டது. வாசலிலிருந்து அறைக்கதவுக்குப் போகிற எல்லாக் காலும் அந்த இடத்தைத்தான் மிதிக்கிறது. சின்னப் பெட்டியின் கோடு முழுதாக இருக்கிறது. கோடு எங்கே அழிகிறதோ அங்கேதான் காபெட்டின் ஓரமும் முதலில் தேயும், சுருளும், காலைத் தட்டும்.

கணக்கும் அதையே சொல்கிறது. வடக்குச் சுவரோடு செற்றி 30 அங்குலம். தெற்குச் சுவரோடு ரீவி மேசை 16 அங்குலம். 5 அடி அகலக் காபெட் போட்டால் ரீவி மேசைக்கு முன்னால் மிஞ்சும் வழி 22 அங்குலம். 4 அடி என்றால் 34. வோக்கரின் அகலம் 25. பெரிய காபெட்டில் வோக்கரின் இரண்டு கால் காபெட்டிலும் இரண்டு கால் தரையிலுமாகத்தான் போக வேண்டியிருக்கும். சின்ன அறைக்குப் பெரிய காபெட் போட்டால்தான் இடம் விரிந்து தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். கண்ணுக்கு அது சரி. இங்கே வழிதான் முதல்.

4க்கு 6.

செப்டெம்பர் 8, திங்கள்

நீலத்தில் ஒன்று, மண்ணிறத்தில் ஒன்று என்று இரண்டு வாங்கலாம் என்ற எண்ணத்தை விட்டாயிற்று. இரண்டு காபெட் என்றால் எட்டு ஓரம். ஒன்றில் இரண்டு நிறமும் வரட்டும்.

செப்டெம்பர் 9, செவ்வாய்

கச்சான் காற்று. காலையில் கூட்டினால் பத்து மணிக்குத் தரை மறுபடி நறநறக்கிறது.

செப்டெம்பர் 12, வெள்ளி

நிறம். இரண்டு நாளாக இதுதான் தலைக்குள்.

மண்ணிறம் என்பது இருண்ட செம்மஞ்சள்தான். நிறவட்டத்தில் நீலத்துக்கு எதிரே செம்மஞ்சள் நிற்கிறது. அதனால்தான் இரண்டும் பக்கத்தில் வந்தால் ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டுகின்றன. ஆனால் சரிபாதியாகப் போட்டால் கண் எங்கேயும் நிலைக்காது. ஒன்று ஆள வேண்டும்.

எது ஆள்வது என்பதைத் தரையிடம் கேட்க வேண்டும். கருநீலத்தில் ஒரு துளி மணல் விழுந்தாலும் தெரியும், நூல் தெரியும், சாம்பல் தெரியும். கடல்மணல் நிறத்துக்குக் கிட்டிய வெளிர் மண்ணிறம் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். அப்படியென்றால் உள்ளே மண்ணிறம். ஆனால் சிவப்புச் சீமெந்தின் மேல் மண்ணிறம் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு கரைந்துவிடுகிறது. ஓரம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பழைய மண்ணிறப் போர்வையை மடித்துப் போட்டு வாசலில் நின்று பார்த்தேன். ஓரம் காணாமல் போயிற்று. நீலத் துவாயை அதே இடத்தில் வைத்தேன், ஓரம் தெளிவாக நின்றது.

ஆகவே சுற்றிவர நீலக் கரை, நாலு அங்குலம். நடுவில் கோடு, வட்டம், பட்டை எதுவும் வேண்டாம். பார்வை குறைந்தவர்களுக்கு நடுவில் இருக்கும் இருண்ட பட்டை பள்ளம் போலவோ படி போலவோ தெரியும், கால் தயங்கும். கரையில் இருக்கும் நீலம் எச்சரிக்கை, நடுவில் இருக்கும் நீலம் தடங்கல்.

செப்டெம்பர் 13, சனி

மத்திய வீதியில் மூன்று கடை. செற்றி உறை ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோனேன். கடைக்குள் வெள்ளை ரியூப்லைற். அதில் பொருந்திய நீலம் வாசற்படி வெயிலில் ஊதாவாகத் திரிந்தது. வெளியே எடுத்துப் பார்க்க விடாத கடையில் நிறம் தெரிந்தெடுக்கக் கூடாது.

ஒன்றைக் கம்பளி என்றார்கள். குஞ்சத்தில் ஒரு நூல் கேட்டு வாங்கி வந்து எரித்தேன். கம்பளி என்றால் மயிர் கருகும் மணம் வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகி, மெழுகு மணத்தோடு கடுகுபோலக் கெட்டியான மணியாக நின்றது. பொலிபுரொப்பிலீன்.

அதில் குறையில்லை, எங்களுக்கு அதுதான் வேண்டும். தண்ணீர் குடிக்காது, பூஞ்சணத்துக்கு இரை இல்லை. நூலை இழுக்குமுன்னே உருகிய பிளாஸ்ரிக்கில் நிறம் கலப்பதால் யன்னல் வெயிலுக்கும் இலேசில் வெளிறாது. சணல் அழகு, ஆனால் ஒரு கோப்பைத் தண்ணீர் கொட்டினால் மஞ்சள் வளையம் நிரந்தரம். பட்டுப்போல மினுங்கும் விஸ்கோஸ் பக்கமே போகக் கூடாது. ஈரம் பட்ட இடம் நலிந்து, தட்டையாகி, திரும்ப எழும்பாது.

செப்டெம்பர் 14, ஞாயிறு

அடுத்த வெள்ளி சொல்வார்களாம்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

மணல். விறாந்தையில் தடித்த தும்புக் கால்மிதி, உள்ளே மெல்லிய பருத்தி மிதி. தும்பு உதறும், பருத்தி துடைக்கும். ஒன்று மட்டும் போதாது. உள்ளே வரும் மணல் காபெட்டின் மேலே இருக்கும்வரை பெரிய தீங்கில்லை. இழைகளின் அடிக்கு இறங்கினால் ஒவ்வொரு மிதிக்கும் கத்திபோல அறுக்கும், அடியில் பொலிஷையும் தேய்க்கும். அதனால் இழை 6 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். வாரம் ஒருமுறை கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டி, பிறகு தூக்கிக் கீழே கூட்ட வேண்டும். மேலே மட்டும் கூட்டினால் மணல் இன்னும் இறங்கும்.

வாசல் கதவின் அடி இடைவெளி 11 மில்லிமீற்றர். பருத்தி மிதி 8. தப்பியது.

செப்டெம்பர் 18, வியாழன்

மாரி வரமுன் தரையின் ஈரலிப்பைப் பார்த்தேன். செற்றிக்கு அடியில் 18 அங்குலச் சதுரப் பொலித்தீன், நாலு ஓரமும் ரேப், 16 மணித்தியாலம். (அந்த இடத்துப் பொலிஷ் போனால் போகட்டும்.) உள்பக்கம் துளி இல்லை. துளி கோத்திருந்தால் ரப்பர் முதுகுள்ள எதையும் போட முடியாது. ஈரம் மேலே வர வழியில்லாமல் கார்த்திகையில் மணம் தொடங்கும்.

ரப்பர் முதுகு எப்படியும் வேண்டாம். இந்த வெக்கையில் பொடிந்து மாவாகக் கொட்டும், பொலிஷ் தரையில் மஞ்சளாகக் கறை பிடிக்கும்.

செப்டெம்பர் 20, சனி

வாங்கியாயிற்று. 120க்கு 180 சென்ரிமீற்றர், வெளிர் மண்ணிறம், நீலக் கரை. குஞ்சம் இல்லை, குஞ்சத்தில் வோக்கரின் கால் சிக்கும். ஈரக் கைலேஞ்சியால் நீலத்தைப் பத்துத் தரம் அழுத்தித் தேய்த்தேன், வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

நேற்று வெள்ளி. ஒன்றும் சொல்லவில்லை.

செப்டெம்பர் 21, ஞாயிறு

மடித்துக் கட்டியிருந்ததால் குறுக்கே இரண்டு மடிப்பு மேடு. இஸ்திரிப்பெட்டி வைக்கக் கூடாது, உருகிவிடும். முற்றத்தில் பாய் விரித்து, அதன்மேல் முகம் கீழாக ஒரு மணி நேரம் வெயிலில் போட்டேன், பிறகு மடிப்புக்கு எதிர்ப்பக்கமாகச் சுருட்டி இரவு முழுதும் கட்டி வைத்தேன்.

செப்டெம்பர் 22, திங்கள்

ஒரு மேடு போய்விட்டது. மற்றது தென்மேற்கு மூலைக்குக் கிட்ட, ஒரு சாவிக்கொத்துத் தடிப்பில், இன்னும் நிற்கிறது. அந்த மூலைதான் வழிப்பக்கம். 180 பாகை திருப்பிப் போட்டேன், மேடு செற்றிக்கு அடியில் போயிற்று. திருப்பியதில் இழையின் சாய்வும் மாறியது: வாசலில் நின்று பார்த்தால் மண்ணிறம் ஒரு படி இருண்டு தெரிகிறது. முன்பிருந்த வெளிர்தான் எனக்குப் பிடித்தது. பரவாயில்லை.

செப்டெம்பர் 23, செவ்வாய்

வடக்கு ஓரத்தைச் செற்றி பிடித்துக்கொள்ளும். தெற்கு ஓரம்தான் ஒரே பயம். இரட்டைப்பக்க ரேப் மெழுகில் ஒட்டாது. ஒட்டியதுபோல் காட்டி இரண்டாம் நாள் விடும். ஓரம் விழும் இடத்தில் மூன்று அங்குலப் பட்டைக்கு ரேர்பன்ரைன் தொட்ட துணியால் பொலிஷை எடுத்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பிறகு ஒட்டினேன். வெறுங்காலை நிலத்தோடு இழுத்து இழுத்து இருபது தரம் நடந்தேன். எழும்பவில்லை. வழியில் மிச்சமுள்ள இடத்துக்கு இனிப் பொலிஷ் போடுவதில்லை.

செப்டெம்பர் 24, புதன்

இரவு ஒன்பது மணிக்கு லைற் போட்டுப் பார்த்தால் நீலக் கரை கறுப்பு. மஞ்சள் பல்ப், ஒளிநிற அளவில் 2700 கெல்வின். 4000 மாற்றினேன்: நீலம் நீலமாக வந்தது, மண்ணிறமும் செத்துப்போகவில்லை. 6500 போட்டிருந்தால் மண்ணிறம் சாம்பலாகியிருக்கும். அறைக்கதவடியில் சின்ன லைற் ஒன்று இரவு முழுதும் எரிய வேண்டும்.

செப்டெம்பர் 25, வியாழன்

சனிக்கிழமை.

காபெட்டின் தெற்கு ஓரத்தை ஒட்டித் தரையில் மறுபடி வெண்கட்டிக் கோடு போட்டேன், நகர்ந்தால் தெரியும். உள்ளே இருந்த பருத்தி மிதியை எடுத்துவிட்டேன், அது சறுக்கும். வோக்கரின் ரப்பர் மூடி ஒன்று தேய்ந்து உலோகம் தெரிகிறது என்று அண்ணா போனில் சொன்னார். குழாயின் வெளிவிட்டத்தை அளந்து சொல்லச் சொன்னேன், காலை கடை திறந்ததும் வாங்க வேண்டும்.