ஐப்பசி மழையும் ஓடில்லா நத்தைகளும்

ஐப்பசி அடைமழை தொடங்கிய நான்காம் நாள் காலையில், கடலூர்க் கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் முந்தின மாலை வரை தளதளவென்று நின்ற தண்டுக்கீரை நாற்றுகளில் பாதிக்குமேல் வெறும் தண்டாக நின்றன. இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒரு புழுகூட அகப்படவில்லை. தொட்டி விளிம்பில் மட்டும் பசை காய்ந்தது போன்ற பளபளப்பான தடம் நெளிந்து சென்றிருந்தது. இரவு ஒன்பது மணிக்கு டார்ச் விளக்குடன் போனபோதுதான், கறுத்த உடலும் முதுகின் நடுவே ஒரு வெளிர்க் கோடுமாக, விரல் நீள ஓடில்லா நத்தைகள் இலை விளிம்பை அரித்துக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

"உப்பைத் தூவிவிடு" என்றார் அம்மா. உப்பு பட்டால் நத்தையின் உடல் நீர் வெளியேறி அது செத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உப்பு மண்ணிலேயே தங்கி வேரைக் கருக்கும். போர் தண்ணீரே கரிக்கும் எங்கள் வீட்டில் மண்ணுக்கு மேலும் உப்பிட எனக்கு மனம் வரவில்லை. சாம்பல் தூவினால், அது காய்ந்திருக்கும்வரைதான் நத்தையைத் தடுக்கும். ஒரு தூறலில் சேறாகிவிடும். நொறுக்கித் தூவிய முட்டை ஓடு நத்தையைத் தடுக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். ஆனால் இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018இல் வெளியிட்ட சோதனை முடிவில், முட்டை ஓடும் தொட்டியைச் சுற்றி ஒட்டும் செப்புப் பட்டையும் நத்தைச் சேதத்தைக் குறைக்கவில்லை என்று கண்டிருக்கிறார்கள்.

எனக்குக் கைகொடுத்தது பழைய கோணிச் சாக்குதான். அதை நன்றாக நனைத்து, மாலையில் பாத்தி ஓரத்தில் விரித்து, அடியில் பப்பாளித் தோலையும் முட்டைக்கோஸின் மேல் இலைகளையும் வைத்துவிட்டால், இரவெல்லாம் மேய்ந்தவை விடியற்காலையில் வெயிலுக்கு அஞ்சி அதனடியில் ஒதுங்குகின்றன. முதல் நாள் பதினேழு கிடைத்தன. இடுக்கியால் எடுத்து, வாளியில் கரைத்த அடர்த்தியான உப்பு நீரில் போட்டேன்; அந்த நீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, செத்தவற்றைத் தள்ளிக் குழி தோண்டிப் புதைத்தேன். சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்த வெதுவெதுப்பான நீரைக் கொட்டாங்கச்சியில் வைப்பதும் நல்ல பொறி. ஆனால் மழை நீர் விழுந்தால் வாசம் நீர்த்துப் பயனற்றுப் போகும் என்பதால் மேலே மூடாக்கு வேண்டும்.

வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தைகளையும் தொட விடாதீர்கள். எலியின் நுரையீரல் புழு எனப்படும் ஒட்டுண்ணி நத்தைகளின் உடலில் இருக்கக்கூடும். அது மனிதருக்கு மூளையுறை அழற்சியை உண்டாக்கும். ஆகவே அந்தப் பாத்தியின் கீரையை இலை இலையாகப் பிரித்துக் கழுவி, வேகவைத்தே உண்கிறோம். நத்தையைக் கொல்லும் நஞ்சான மெட்டால்டிஹைடு குருணையைக் கடைக்காரர் எடுத்து நீட்டினார். நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து என்பதால், தெரு நாய்கள் வந்து படுக்கும் எங்கள் கொல்லைக்கு அது வேண்டாமென்று திரும்பிவிட்டேன்.

இப்போது மழையில்லாத நாளில் காலையில் மட்டுமே நீர் ஊற்றுகிறேன், இரவில் மண் மேற்பரப்பு உலர்ந்திருக்க வேண்டுமென்பதற்காக. வாரம் ஒருமுறை தொட்டிகளைச் சாய்த்து, அடியில் ஜவ்வரிசிபோல் கொத்தாக இருக்கும் முட்டைகளைச் சுரண்டி அழிக்கிறேன். இன்று காலை சாக்கின் அடியில் இரண்டே இரண்டு இருந்தன. மறுபடி விதைத்த கீரை நான்கிலை விட்டிருக்கிறது. சாக்கை மார்கழி முடியும்வரை எடுக்கப்போவதில்லை.