வாயைப் பார்த்துப் படியுங்கள்: ஆறாம் படிவ மாணவர்களுக்கு

மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முன் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வின் உயிரியலில் சூழலியல் மூன்றாம் தவணையில்தான் வருகிறது. அதற்குள் பாதிப் பேருக்குச் சலிப்புத் தட்டிவிடும். புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு என்று தொடக்கப்பள்ளியில் எழுதிய உணவுச் சங்கிலியையே இங்கேயும் எழுதி வைப்பார்கள். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வறுமை தேவையில்லை. செம்பனைக்கு நடுவே ஓடும் ஓடை, லயத்துக்குப் பின்னால் லோங்கான் என்கிற சாக்கடைக் கால்வாய், மழைத் தண்ணீர் தேங்கிய குட்டை, இவை போதும். நான் படித்த முறை இதுதான்: ஒரு பிராணியின் பெயரைத் தேடுவதற்கு முன் அதன் வாயைப் பார்ப்பேன்.

இது நான் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் கம்மின்ஸ் 1970-களில் ஓடைப் பூச்சிகளை எந்த இனம் என்று பார்க்காமல், எப்படி உண்கின்றன என்று பார்த்துப் பிரித்தார். இலையைக் கிழித்துத் தின்பவை, கல்லில் படிந்த பாசியைச் சுரண்டுபவை, தண்ணீரில் வரும் துகள்களை வடிகட்டுபவை, அடியில் படிந்ததைப் பொறுக்குபவை, வேட்டையாடுபவை. இந்த ஐந்தையும் நெட்டுருப் போட வேண்டாம், ஒரு வெள்ளை ஐஸ்கிரீம் டப்பாவில் ஓடைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் தானாக மனதில் நிற்கும்.

முதலில் தட்டான் குஞ்சு. அதன் கீழுதடு மடிந்து முகத்துக்கு அடியில் கிடக்கும். இரை பக்கத்தில் வந்ததும் கண் இமைக்கும் நேரத்தில் நீண்டு, நுனிக் கொக்கிகளால் பிடித்து உள்ளே இழுத்துவிடும். கொசுப்புழுவை விட்டுப் பாருங்கள். நீர்வண்டின் புழு இன்னும் கொடூரம். அதன் அரிவாள் போன்ற தாடைகளுக்குள் குழாய் ஓடுகிறது. குத்தி, செரிமான நீரைச் செலுத்தி, இரையை அதன் தோலுக்குள்ளேயே கரைத்து உறிஞ்சுகிறது. உடலுக்கு வெளியே நடக்கும் செரிமானம் என்றால் பலருக்குக் காளான் மட்டும்தான் ஞாபகம் வரும், இதையும் சேர்த்து எழுதலாம்.

கொசுப்புழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்கில் தேங்கிய தண்ணீரில் தலைகீழாகத் தொங்குவது ஏடிஸ் வகை. வாயிலுள்ள தூரிகை போன்ற மயிர்களை ஆட்டி, நுண்ணுயிர்களையும் துகள்களையும் வாய்க்குள் வாரிக்கொள்ளும். அனோபிலிஸ் புழுவோ நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடந்து, தலையை மட்டும் 180 பாகை திருப்பி மேற்பரப்பில் மேயும். டாக்சோரிங்கைட்டிஸ் என்ற பெரிய கொசுவின் புழு மற்றக் கொசுப்புழுக்களைத் தின்னும். வளர்ந்த பிறகு அந்தக் கொசு நம்மைக் கடிப்பதே இல்லை.

ஆக, 'கொசுப்புழு' என்று ஒற்றைப் பெட்டி போட்டு உணவு வலை வரைந்தால் பாதி விஷயம் போய்விடும். தவளையும் அப்படித்தான். தலைப்பிரட்டை கொம்புப்பொருளால் ஆன சிறு பல்வரிசைகளால் பாசியைச் சுரண்டும், குடல் சுருள் சுருளாக நீண்டிருக்கும். தவளையானதும் பூச்சி பிடிக்கும், குடலும் குட்டையாகிவிடும். அதனால் உணவு மட்டத்தை எழுதும்போது எந்தப் பருவம் என்பதையும் எழுதுங்கள். அப்புறம் அம்புக்குறி: தின்னப்படுவதிலிருந்து தின்பதை நோக்கித்தான் போக வேண்டும், ஆற்றல் போகும் திசை அது. ஒரு மட்டத்திலிருந்து அடுத்ததற்கு ஏறத்தாழ 10 விழுக்காடுதான் போய்ச் சேரும் என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம்.

பெரும்பாலோர் விட்டுவிடுவது உதிர்ந்த இலையை. நிழல் மூடிய சின்ன ஓடையில் வெயில் குறைவு, பாசியும் குறைவு. அங்கே உணவு கரையிலிருந்து விழும் இலைதான். ஆறு அகன்று வெயில் பட்டால் பாசி சுரண்டிகள் பெருகும், இன்னும் கீழே போனால் நுண்துகளை வடிகட்டுபவையும் பொறுக்குபவையும். 1980-இல் வெளிவந்த 'ஆற்றுத் தொடர்ச்சி' கருத்து சொல்வது சுருக்கமாக இதுதான். தோட்டத்து ஓடை, சுங்கை பிளஸ், அது போய்ச் சேரும் பேராக் ஆறு என்று வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். ஆனால் அது வட அமெரிக்க ஆறுகளைப் பார்த்து எழுதியது. நம் வெப்பமண்டல ஓடைகள் பலவற்றில் இலை கிழிக்கும் பூச்சிகள் குறைவு, நண்டும் இறாலும் அந்த வேலையில் பங்கெடுக்கின்றன. இப்படி ஒரு வரி எழுதினால் யோசித்து எழுதிய விடையாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம்.

இலையை வைத்தே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். காய்ந்த இலைகளை ஒரு வாரத்துக்கு மேல் ஓடைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பூஞ்சையும் பாக்டீரியாவும் படிந்து மெத்தென்று ஆன இலையைத்தான் கிழித்துண்ணிகள் விரும்பும். இரண்டு டப்பாவிலும் ஒரே எடையுள்ள இலை, ஒரே அளவு தண்ணீர். ஒன்றில் மட்டும் சின்ன இறால்களை விடுங்கள். மற்றொன்று கட்டுப்பாட்டுச் சோதனை, ஏனென்றால் பூஞ்சை மட்டுமே இலையைக் கொஞ்சம் தின்றுவிடும். முடிவில் இரண்டிலும் மிஞ்சியதைக் காயவைத்து நிறுத்து ஒப்பிடுங்கள். சார்பு மாறி, சாரா மாறி எல்லாம் இதிலேயே வந்துவிடும்.

பிளனேரியா என்ற தட்டைப்புழு வேண்டுமென்றால் கோழி ஈரல் துண்டை நூலில் கட்டிக் கல்லடியில் வையுங்கள். வாய் தலையில் இருக்காது, வயிற்றுப் பக்கம் நடுவில் இருக்கும். அங்கிருந்து ஒரு குழல் நீண்டு இறைச்சியை உறிஞ்சும், கழிவும் அதே வழியாகத்தான் வெளியேறும்.

உரம் போட்டபின் மழை பெய்து குட்டை பச்சையாகிவிட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாசி பெருகி, செத்து, அழுகும்போது ஆக்சிஜன் குறையும். மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சுகள் காணாமல் போய், சேற்றில் சிவப்புப் புழுக்கள் மிஞ்சும். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின், குறைந்த ஆக்சிஜனிலும் அவை தாக்குப்பிடிக்க உதவுவது அதுதான். மருந்தடித்த நாளில் மட்டும் ஓடைப் பக்கம் போகாதீர்கள். மற்ற நாளிலும் பூட்ஸ் போட்டுக்கொண்டே இறங்குங்கள், காலில் காயம் இருந்தால் எலிக்காய்ச்சல் கிருமி புகுந்துவிடும்.